கேட் போட்டிருக்கிறது

கொருக்குப்பேட்டையில்
சரக்கு ரயிலைக் கேட்டுத்தான் பாட்டு எடுக்க வேண்டும்.
கேட் போட்டால் மைக்கை அணைப்போம்.
கேட் தூக்கினால்
பைக் ஹாரன்கள் அடங்கும்வரை இன்னொரு டீ.
இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான்
எங்கள் ஸ்டூடியோவின் நேரம்.

ஸ்டூடியோ என்பது
டயர்க் கடைக்கு மேலே பத்துக்குப் பத்து.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கதவுக்குப் பின்னால் என் கல்யாணத்து மெத்தை.
மின்விசிறி சத்தம் போடும் என்பதால்
அதையும் நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும்.
பல்லவி முடிவதற்குள் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

என் வேலை சுருதி திருத்துவது.
பாடியவர் கிளம்பிப் போனபின்
அவர் குரலைத் திரையில் பச்சைப் புழுக்களாய் விரித்து
நெளிந்ததை நிமிர்த்துவேன்,
தாழ்ந்ததைத் தூக்கிக் கட்டத்துக்குள் வைப்பேன்.
ரிசப்ஷன் கச்சேரிப் பாடகி,
சர்ச்சில் தனிப்பாட்டு பாடும் வங்கி மேனேஜர்,
மார்கழிக்கு முன்பே வீடியோ விட்டுவைக்கும்
அண்ணா நகர்ப் பையன்,
எல்லோரும் என் கையில் தேறியவர்கள்தான்.
யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.
நானும் சொல்லமாட்டேன்.
அதற்கும் சேர்த்துத்தான் கூலி.

தேசிங்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
விடியவிடிய ஒரு சாவு வீட்டில் பாடிய தொண்டை.
உட்காரச் சொன்னேன், நின்றான்.
ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டினான்:
"இன்னொரு காது வெளிய இருக்கட்டும்க்கா."

அன்று கேட் போட்டதை நான் கவனிக்கவில்லை.
பாதிப் பாட்டில் கூட்ஸ் வண்டி ஊதியது.
அவன் நிறுத்தவில்லை.
ஹாரனைப் பிடித்து
அதன்மேல் ஏறி
அடுத்த அடியை அங்கிருந்தே எடுத்தான்.

ராத்திரி திரையில் பார்த்தேன்.
கோட்டுக்கு இருபது சென்ட் கீழே அவன்.
ரயிலும் அதே இருபது சென்ட் கீழே.
இரண்டு புழுக்களும் ஒன்றன்மேல் ஒன்று
அசையாமல் படுத்திருந்தன.
ரயிலை அழித்தால் அவன் தப்பு.
ரயிலை வைத்தால் என் கட்டம் தப்பு.
மவுஸில் விரல் வைத்தபடியே தூங்கிப்போனேன்.

காலையில் கம்பெனியிலிருந்து ரித்விக்:
"முழுப் பாட்டெல்லாம் வேணாம் பியூலா,
பதினஞ்சு செகண்ட், ரீல்ஸ்ல ஆடுற மாதிரி.
அப்புறம் அவரை இருபது நிமிஷம்
சும்மா பேசவிட்டு, பாடவிட்டு எடுத்துக்குங்க.
மெஷினுக்கு அது போதும்.
அதுக்கு மேல அவரை அலைக்கழிக்க வேணாம்."

அலைக்கழிக்க வேண்டாமாம்.
என்ன மரியாதை.

தேசிங்கிடம் சொன்னேன்.
மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.
தொகையைக் கேட்டதும்
பைக்குக்கு எத்தனை டியூ பாக்கி என்று
விரல்விட்டு எண்ணினான்.
பிறகு கேட்டான்:
"தொண்டை வாடகையா, லீசா, கிரயமா?"
ஒப்பந்தத்தைப் புரட்டினேன். பதினோரு பக்கம்.
அந்த மூன்று சொல்லும் அதில் இல்லை.

"நான் செத்தா எனக்கு யாரு பாடுவா, அதுவா?"
சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.
"அது அழுவுமா?"
"அழுற மாதிரி பண்ணும்."
"நானும் அப்டித்தாங்க்கா.
தெரியாத பொணத்துக்கு எப்டி அழுறது?
ஆனா மூணாவது பாட்டுல
யாராச்சும் ஒரு பொம்பள வந்து கையப் புடிச்சிக்கும்.
அப்பத்தான் சுருதி பூடும்."

மைக்கைத் திறந்தேன்.
பாடுவதற்கு முன்
அறையின் சும்மாவை முப்பது விநாடி எடுப்பது வழக்கம்.
கீழே யாருடைய டயரிலோ காற்று ஏறியது.
அவன் எச்சில் விழுங்கினான்.
கேட்டில் மணி அடித்தது.

எடுப்பதா நிறுத்துவதா என்று
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.
வியாசர்பாடிப் பக்கமிருந்து ஒரு வண்டி
இன்னும் ஊதாமல்
வந்துகொண்டிருந்தது.